உஷ்பாவில் ஒரு புதுவழி

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் 'புதுமை' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு அமைப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள். கவிதையில் புதுமை என்பது குறித்து இந்த மேடையிலேயே பலர் பேசியிருக்கிறார்கள், சண்டையும் நடந்திருக்கிறது. அந்தச் சண்டையை மீண்டும் தொடங்கிவைக்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே கவிதையை விட்டுச் சற்றுத் தொலைவு சென்று, காகசஸ் மலைத்தொடரில் உள்ள ஒரு சிகரத்தின் பாறைமுகத்தில் இதுவரை எவரும் ஏறாத வழியொன்று எவ்வாறு திறக்கப்படுகிறது என்பதை உங்கள் முன் வைக்க எண்ணுகிறேன். நான் மலையேறி அல்லேன். ஏறியவர்கள் எழுதிவைத்ததைப் படித்து மகிழ்பவன். அந்த உரிமையில் பேசுகிறேன்.

கருங்கடலுக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையே குறுக்குச் சுவர்போல் நிற்பது காகசஸ். அதன் மிக உயர்ந்த சிகரமாகிய எல்புருஸ் 5,642 மீட்டர் உயரமுடையது, உறங்கும் எரிமலை, உருண்டு திரண்ட பனிமேடு. நான் சொல்லவிருப்பது எல்புருஸ் அன்று. அதற்குத் தென்கிழக்கே, ஜார்ஜியா நாட்டின் ஸ்வானேத்தி என்னும் பகுதியில், ரஷ்ய எல்லையை ஒட்டி நிற்கும் உஷ்பா. உயரம் 4,710 மீட்டர்தான். எல்புருஸைவிட ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் குறைவு. எனினும் மலையேறிகளைக் கேட்டால் எல்புருஸை நடந்து ஏறும் மலை என்பார்கள். உஷ்பா என்றதும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இரட்டைக் கொம்புகள் போன்ற இரண்டு உச்சிகள். நடுவே குதிரைச் சேணம்போல் தாழ்ந்த ஒரு பனிமுகடு. தென்னுச்சி உயர்ந்தது, அதன் பக்கங்கள் கருங்கல்லும் படிகப்பாறையும் செங்குத்தாய் எழுந்த சுவர்கள். கருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் மோதும் உயர்முகடுகளுள் ஒன்று என்பதால், தெளிந்த வானம் சில மணி நேரத்தில் புயலாக மாறிவிடும். உஷ்பா என்னும் பெயருக்கே, சூனியக்காரிகள் கூடுமிடம் என்று பொருள் சொல்வாரும் உளர்.

மலையடிவாரத்து மக்கள் ஸ்வான் இனத்தார். அவர்கள் மொழி ஜார்ஜிய மொழியின் உறவு மொழி. எழுத்தில் வளராமல் வாய்மொழியாகவே வாழ்ந்துவந்தது. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு, கல்லால் கட்டிய உயர்ந்த காவற்கோபுரங்கள். பழிக்குப்பழி வாங்கும் குலப்பகையில் குடும்பங்கள் ஒளிந்து தற்காத்துக்கொண்ட கோபுரங்கள் அவை. மேல் ஸ்வானேத்தியை யுனெஸ்கோ 1996ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது.

இம்மக்களிடம் பாறை ஏறுதலைப் பற்றி ஒரு கதைப்பாடல் உண்டு. வெளிநாட்டு மலையேறிகள் கயிற்றுடன் அங்கே போவதற்கு நெடுங்காலம் முன்பே பாடப்பட்டது அது. பாறைமுகடுகளில் வாழும் டாலி என்னும் பொன்முடித் தெய்வம் வேட்டை விலங்குகளுக்கெல்லாம் தலைவி. பெத்கில் என்னும் வேடன்மீது அவள் காதல் கொண்டாள். அவனும் அவளுக்கு வாக்குக் கொடுத்தான். பிறகு வாக்குத் தவறினான். ஊரில் கைகோத்து ஆடும் வட்டநடனம் நடந்துகொண்டிருந்தபோது வெள்ளை மலையாடு ஒன்று கூட்டத்தின் நடுவே பாய்ந்து ஓடியது. பெத்கில் அதைத் துரத்தினான். ஆடு பாறைமேல் ஏறியது, அவனும் ஏறினான். அவன் கால் எடுத்த இடமெல்லாம் பின்னால் உதிர்ந்துபோயிற்று. உச்சிக்கு அருகில் ஆடு மறைந்தது. மேலே போகவும் வழியில்லை, கீழே வரவும் வழியில்லை. ஒரு கையும் ஒரு காலும் மட்டும் பற்றியிருக்க வேடன் தொங்குகிறான். கீழே ஊரார் கூடி நிற்கிறார்கள். அவன் அவர்களிடம் பேசுகிறான். பின்பு விழுகிறான். இதன் வடிவங்கள் பல. ஆயினும் அந்தத் தொங்கும் கணந்தான் எல்லாவற்றிலும் நடுநாயகம். ஊரார் இன்றும் கைகோத்து வட்டமாய் நின்று ஆடியபடியேதான் இதைப் பாடுகிறார்கள். எந்த நடனத்தை விட்டு அவன் ஓடினானோ அந்த நடனத்திலேயே அவன் கதை தங்கியிருக்கிறது.

மலையேறும் கலையின் உயிர்நிலை இந்தப் பாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏறுவது எவர்க்கும் இயலும். ஏறியபின் திரும்ப வழி இருக்க வேண்டும். கயிறு என்பது அதற்காகத்தான்.

உஷ்பாவின் வடவுச்சியை முதலில் தொட்டவர்கள் 1888ஆம் ஆண்டில் ஜான் காக்கின் என்னும் ஆங்கிலேயரும் உல்ரிக் ஆல்மர் என்னும் சுவிட்சர்லாந்து வழிகாட்டியும் ஆவர். பனிச்சரிவில் படி வெட்டி அவர்கள் ஏறினார்கள். உயர்ந்ததாகிய தென்னுச்சி அவர்களுக்குக் கிட்டவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகள் பலர் முயன்றும் அது கிட்டவில்லை. பனியில் படி வெட்டலாம். செங்குத்துப் பாறையில் வெட்ட இயலாது. அங்கே வழி ஏற்கெனவே பாறையில் இருக்க வேண்டும்; அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

1903ஆம் ஆண்டு கோடையில் வில்லி ரிக்மர் ரிக்மர்ஸ் என்னும் ஜெர்மானியர் ஒரு பெருங்குழுவைத் திரட்டிக்கொண்டு ஸ்வானேத்திக்கு வந்தார். அக்குழுவில் அடால்ஃப் ஷுல்சே என்னும் இளைஞர் இருந்தார். ஆஸ்திரியப் பெண்மணி செஞ்சி ஃபான் ஃபிக்கரும், பிற்காலத்தில் வானிலை அறிஞராகப் புகழ்பெற்ற அவருடைய சகோதரர் ஹைன்ஸும் இருந்தனர். முதல் முயற்சியில் உச்சிக்குக் கீழுள்ள செங்குத்துச் சுவரில் ஷுல்சே முன்னேறினார். கை வழுக்கியது, விழுந்தார். தலையில் காயம். கயிறு அவர் உயிரைக் காத்தது. தோழர்கள் அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தனர். உச்சி அருகில் இருந்தும் அனைவரும் திரும்பினர்.

சில நாள்கள் சென்றன. காயக்கட்டோடு இருந்த ஷுல்சே மீண்டும் புறப்பட்டார். இம்முறை உடன் சென்றவர்கள் ராபர்ட் ஹெல்ப்லிங், ஃப்ரீட்ரிக் ரைகர்ட், ஆஸ்கார் ஷுஸ்டர், ஆல்பர்ட் வேபர் ஆகிய நால்வர். ஜூலை 26ஆம் நாள், தாம் விழுந்த அதே சுவரில் ஷுல்சே முன்னின்று ஏறினார். ஐவரும் தென்னுச்சியை அடைந்தனர்.

நண்பர்களே, இங்கே சற்று நிற்போம். ஷுல்சேயின் கையில் இருந்தவை எவை? சணற்கயிறு. அடியில் இரும்பாணி பதித்த தோற்காலணி. நைலான் கயிறு அப்போது பிறக்கவில்லை. அந்தக் காலத்துச் சணற்கயிறு பெரிய வீழ்ச்சியைத் தாங்கும் என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. முன்செல்பவர் விழவே கூடாது என்பதுதான் அன்றைய முதல் விதி. ஷுல்சே அந்த விதியின் மறுபக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவர். எந்தப் பிடி பொய்த்தது என்பது அவருக்குத் தெரியும். அந்த அறிவுதான் இரண்டாம் முறை அவரை மேலே கொண்டுபோயிற்று என்று நான் கருதுகிறேன்.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. முதல் முயற்சியில் கயிற்றில் நின்ற செஞ்சி ஃபான் ஃபிக்கர் உச்சியை அடையவில்லை. ஆயினும் அந்தப் பெண்ணின் துணிவைக் கேள்விப்பட்ட ஸ்வானேத்தியின் இளவரசர் டாடேஷ்கெலியானி, உஷ்பா மலையையே அவருக்குப் பரிசாக வழங்கினார். அவரை 'உஷ்பாப் பெண்' என்றே மலையேறிகள் அழைத்தார்கள். உச்சியைத் தொட்ட ஐவர்க்கும் கிடைக்காத மலை, தொடாமல் திரும்பிய ஒருவருக்குக் கிடைத்தது. முல்லைக்குத் தேர் ஈந்த மன்னனைப் பாடிய மொழியில் பிறந்த நமக்கு அந்த இளவரசரின் மனம் விளங்காமல் போகாது.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஹான்ஸ் ஃபான், கேயார்க் லாய்க்ஸ், லுட்விக் டிஸ்டல் என்னும் மூவர் வடவுச்சியில் ஏறி, சேணத்தைக் கடந்து, தென்னுச்சி வழியே மறுபுறம் இறங்கினர். பல இரவுகள் பாறையிடுக்கிலும் பனியிலும் கழித்த பயணம் அது. இரண்டு உச்சிகளும் ஏறப்பட்டுவிட்டன, இரண்டும் இணைக்கப்பட்டுவிட்டன. உஷ்பாவில் இனி என்ன மிச்சம் என்று கேட்கலாம்.

புதுவழி என்னும் எண்ணத்தின் பொருள் அதன் பின்புதான் தொடங்குகிறது. உச்சி ஒன்றுதான். ஆனால் பாறைமுகங்கள் பல. ஒவ்வொரு முகத்திலும் பிளவுகளும் விளிம்புகளும் உண்டு. 1930களில் லுட்விக் ஃபெர்க், லுட்விக் ஷ்மாடரர் என்னும் ம்யூனிக் நகரத்து இளைஞர்கள் உஷ்பாவின் மேற்குச் சுவரில் ஏறினார்கள். ஃபெர்க் 1938இல் ஆல்ப்ஸ் மலையின் ஐகர் வடமுகத்தை முதன்முதலில் ஏறிய நால்வருள் ஒருவர். 1941இல் கிழக்குப் போர்முனையில் மாண்டார். ஷ்மாடரரின் முடிவு நம் நாட்டோடு தொடர்புடையது. இமயமலைக்கு வந்தவர், போர் தொடங்கியதும் ஆங்கில அரசால் டேராடூன் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கிருந்து தப்பி, 1945இல் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் கொலையுண்டார். மலை விட்டுவைத்த உயிர்களை மனிதர் விட்டுவைக்கவில்லை.

புதிய பாறைவழி ஒன்று எப்படித் திறக்கப்படுகிறது என்பதைச் சுருங்கச் சொல்கிறேன். முதலில் கண்ணால் ஏற வேண்டும். எதிர்ப்புறத்து முகட்டில் அமர்ந்து, தொலைநோக்கியால் நாள்கணக்கில் சுவரைப் பார்ப்பார்கள். எந்தப் பிளவு எங்கே மூடுகிறது, எந்த விளிம்பில் இரவு தங்கலாம், வெயில் எப்போது படுகிறது, வெயில் பட்டதும் கற்கள் எந்தப் பள்ளத்தின் வழியாக விழுகின்றன என்று குறித்துக்கொள்வார்கள். இரவில் உறைந்த பனி பாறையைப் பற்றியிருக்கும். பகலில் அது இளகக் கல் உதிரும். ஆகவே கல்விழும் பள்ளங்களைப் புலர்காலையிலேயே கடந்துவிட வேண்டும்.

பிறகு ஏற்றம். ஒரு கயிற்றில் இருவர். முன்செல்பவர் ஏறுகிறார், பின்நிற்பவர் தம்மைப் பாறையோடு பிணைத்துக்கொண்டு கயிற்றைச் சிறிது சிறிதாக விடுகிறார். முன்செல்பவர் போகும் வழியில் பிளவுகளில் ஆணி அறைந்தோ உலோகக் கட்டையைச் செருகியோ அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டே போவார். கடைசியாகக் கோத்த இடத்திற்கு 5 மீட்டர் மேலே இருக்கும்போது கைநழுவினால் அவர் விழுவது 5 மீட்டர் அன்று, 10 மீட்டர், அதற்குமேல் கயிறு நீளும் அளவு. அந்த 10 மீட்டரின் முடிவில் அவர் உயிர் கீழே நிற்பவரின் கைகளில் இருக்கிறது. ஏறிய பாதையில் அடுத்து என்ன இருக்கிறது என்பது இருவர்க்கும் தெரியாது. பழைய வழியில் ஏறுபவருக்கு, மேலே ஒரு விளிம்பு உண்டு என்று முன்னோர் சொல்லி வைத்திருப்பார்கள். புதுவழியில் அந்தச் சொல் இல்லை. கைகால் வலிமையைக் காட்டிலும் இந்தச் சொல்லின்மையைத் தாங்குவதே கடினம் என்று ஏறியவர்கள் எழுதுகிறார்கள்.

ஏறி முடித்த பின் இன்னொரு கடமை உண்டு. சோவியத் நாட்டில் மலைவழிகள் 1-அ முதல் 6-ஆ என்னும் தரம்வரை வகைப்படுத்தப்பட்டன. புதுவழி திறந்தவர்கள் சுவரின் படத்தில் கோடு வரைந்து, ஒவ்வொரு கயிற்று நீளத்தின் கடுமையையும் அறைந்த ஆணிகளின் எண்ணிக்கையையும் குறித்து எழுதித்தர வேண்டும். சாம்பியன் போட்டிகளில் நடுவர்கள் அந்த எழுத்தையும் படத்தையும் வைத்தே தீர்ப்பளித்தனர். எழுதப்படும்வரை அது வழியாகாது; ஒருவர் பட்ட பாடாகவே நின்றுவிடும். எழுதியபின் பின்வருவோர்க்கு உரியதாகிவிடுகிறது.

இந்த இடத்தில் நம்மிடம் இருக்கும் ஒரு பழைய வடிவம் நினைவுக்கு வருகிறது. சென்றவன் செல்லவிருப்பவனுக்கு வழி சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக ஆக்கிக்கொண்டவர்கள் நம் முன்னோர். ஆற்றுப்படை என்பது அதுதானே? பத்துப்பாட்டில் மலைபடுகடாம் முற்றும் மலைவழி. பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்பு உறையும் குழிகள் எங்கே என்று அது சொல்கிறது. தினைப்புனக் காவலர் யானையை நோக்கி எறியும் கவண்கல் கூற்றுவன்போல் வரும்; மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போங்கள் என்று எச்சரிக்கிறது. செங்குத்து வரையில் தேன் எடுப்போர் நாட்டிய 'மால்பு' என்னும் கண்ணேணியைக் காட்டுகிறது. அப்பாட்டில் பரிசிலைப் பற்றிய பேச்சைவிட வழியைப் பற்றிய பேச்சே மிகுதி. உஷ்பாவில் ஏறியவர்கள் எழுதிய குறிப்புகளைப் படிக்கும்போது அதே குரலை நான் கேட்கிறேன். இங்கே கல் விழும், இடப்புறம் ஒதுங்குக. இந்தப் பிளவு ஈரமாக இருக்கும். இங்கே இரவு தங்கலாம். அலங்காரம் இல்லை. பின்வருபவன் உயிர் பிழைக்க வேண்டும் என்னும் கவலை இருக்கிறது.

இனி ஸ்வான் மக்களிடமே திரும்புவோம். அயலார் ஏறிய மலையை மண்ணின் மக்கள் ஏறியதும் ஒரு கதை. ஜார்ஜிய மலையேற்றத்தின் முன்னோடிகளுள் ஒருவரான சிமோன் ஜபாரிட்ஸே 1929இல் டெட்னுல்டி மலையில் இறந்தார். அவருடைய சகோதரர் அலியோஷாவும் சகோதரி அலெக்சாண்ட்ராவும் அதனால் மலையைத் துறந்துவிடவில்லை. 1934இல் அவ்விருவரும் தம் தோழர்களுடன் உஷ்பாவின் தென்னுச்சியை அடைந்தனர். 1937இல் ஸ்வான் மக்கள் மட்டுமே அடங்கிய குழு அதே உச்சியில் நின்றது. கெர்கியானி குடும்பத்தினர் அதில் இருந்தனர். 1945இல் அலியோஷா உஷ்பாவிலேயே உயிர் நீத்தார்.

கெர்கியானி குடும்பத்தில் 1932இல் பிறந்தவர் மிகயில் கெர்கியானி. உஷ்பா தெரியும் மெஸ்டியா ஊர்ப்பக்கத்தில் வளர்ந்தவர். சோவியத் நாட்டின் சாம்பியன் பட்டத்தைப் பலமுறை பெற்றவர். 'பாறைப் புலி' என்று அவரை அழைத்தார்கள். 1969ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் இத்தாலியின் டோலமைட் மலைகளில் ஏறிக்கொண்டிருந்தபோது மேலிருந்து விழுந்த கற்கள் அவருடைய கயிற்றை அறுத்தன. முப்பத்தேழு வயது. மெஸ்டியாவில் அவர் வீடு இன்று அருங்காட்சியகம். பெத்கிலைப் பாடிய ஊரில் பிறந்தவனுக்கும் பாறையே முடிவாயிற்று. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பெத்கில் வாக்குத் தவறியவன், தனியே ஏறியவன். மிகயில் தோழர்களோடு ஏறியவர். கயிற்றில் எவரையும் கைவிடாதவர். கல் கயிற்றை அறுத்ததே அன்றி, மனிதர் எவரும் அதை விட்டுவிடவில்லை.

ரஷ்யக் கவிஞரும் பாடகருமான விளாதிமிர் விசோத்ஸ்கியை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1967இல் வெளிவந்த 'செங்குத்து' என்னும் பொருள்படும் பெயருடைய திரைப்படத்திற்காக அவர் காகசஸுக்கு வந்தார். உஷ்பாவுக்கு வடக்கே, எல்புருஸ் பகுதியில் படப்பிடிப்பு. படத்தில் நடித்ததோடு பாடல்களும் எழுதினார். ஒருவன் நண்பனா அல்லனா என்று தெரியாவிட்டால் அவனை மலைக்கு அழைத்துப்போய்ப் பார் என்னும் கருத்துடைய பாடல் அவற்றுள் ஒன்று. ரஷ்ய மொழி பேசுவோரிடையே அது நாட்டார் பாட்டுப்போல் பரவிவிட்டது. சமவெளிக் கவிஞன் ஒருவன், கயிற்றின் இருமுனைகளுக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று பார்த்து எழுதியது அது.

இத்தனையும் சொன்னதன் நோக்கத்தைக் கூறி முடிக்கிறேன். புதுமை என்று நாம் பேசும்போது பெரும்பாலும் உச்சியைப் பற்றிப் பேசுகிறோம். யார் முதலில், யார் உயரத்தில் என்று கேட்கிறோம். உஷ்பாவின் தென்னுச்சி 1903லேயே எட்டப்பட்டுவிட்டது. அதன்பின் அந்தச் சுவரில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் அதே உச்சிக்குத்தான் போனார்கள். காதல், பிரிவு, சாவு, பசி என்று கவிதையின் உச்சிகளும் முன்னரே எட்டப்பட்டவைதாம். அங்கே போக இன்னும் எவரும் தொடாத பாறைமுகம் இருக்கிறதா என்பதே நமக்குரிய கேள்வி.

இரண்டாவது, வழியில் விட்டுச்செல்வது பற்றி. முற்காலத்தில் பாறையில் ஆணிகளை அறைந்தபடியே போனார்கள். அறைந்து பிடுங்கிய ஆணிகள் பாறையில் வடு உண்டாக்கின. பிற்காலத்தில் பிளவில் செருகித் திரும்பக் கழற்றிக்கொள்ளும் கருவிகள் வந்தன. தாம் வந்துபோன சுவடே தெரியாமல் பாறையை விட்டுச்செல்வதைப் பலர் அறமாகக் கொண்டனர். தம் ஆணிகள் தெரியவேண்டும் என்பதற்காகவே எழுதப்படும் கவிதைகளை நாம் பார்த்திருக்கிறோம். நான் யாரையும் குறிப்பிடவில்லை.

மூன்றாவது, கயிறு. இந்த வட்டம் பத்தாண்டுகளாகச் செய்துவந்தது என்ன என்று எண்ணிப்பார்க்கிறேன். ஒருவர் புதிய கவிதையோடு வருகிறார். கடைசியாக ஆணி அறைந்த இடத்திற்கு மேலே நிற்கிறார். கால் நடுங்குகிறது, சில வேளை விழுகிறார். அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தவர்கள் நீங்கள். இறுக்கிப் பிடித்தால் அவர் மேலே போக இயலாது. அளவுக்கு மீறித் தளர்த்தினால் காப்பாற்ற இயலாது. கடுமையாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் கயிற்றை விட்டவர்கள் இல்லை. தாம் எழுதுவதை நிறுத்திவிட்டபின்பும் பிறர் கவிதையைக் கேட்பதற்காகவே மாதந்தோறும் வருபவர்கள் சிலர் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். ஸ்வானேத்தி இளவரசர் இங்கு இருந்திருந்தால் மலையை அவர்களுக்குத்தான் கொடுத்திருப்பார்.

அடுத்த பத்தாண்டில் ஏறவிருக்கும் இளைஞர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். புதுவழி கண்டால் எழுதி வையுங்கள். எங்கே கல் விழுந்தது, எங்கே பிடி பொய்த்தது, எங்கே தங்க முடிந்தது என்று சொல்லி வையுங்கள். பின்னால் ஒருவர் வருவார்.